பந்தியும் பாடமும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப் பாதையில், கைத்தறி நெசவுக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடியும், அதனையடுத்து வள்ளலாரின் வடலூரும், அதற்கப்பால் பழுப்பு நிலக்கரிக்காக எழுந்த நெய்வேலி நகரமும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. சில நாழிகைப் பிரயாணத்தில் கடந்துவிடக்கூடிய இந்தச் சிறிய தூரத்தில், சென்ற நூற்றைம்பது ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் சமூக நீதித் தொண்டர்கள் எவ்விதம் உருவாக்கப்பட்டனர், யாரால் பயிற்றப்பட்டனர், எதைக் கற்றனர், எதைக் கற்காமல் விட்டனர் என்ற சரித்திரத்தின் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது. அரசியல் கல்வி என்றால் மேடைப் பிரசங்கமும் துண்டுப் பிரசுரமும் வாசகசாலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தென்னார்க்காட்டுச் சீமையின் பழைய ஏடுகளைப் புரட்டுகிறவனுக்கு, அந்தக் கல்வியின் முதல் வகுப்பு சாப்பாட்டுப் பந்தியிலேதான் நடந்தது என்பதும், பந்தியை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் கொண்டுசென்ற காலங்களில் அந்தப் பாடம் சேரியின் எல்லையைத் தாண்டவில்லை என்பதும் தெளிவாகத் தெரியவரும். இதுவே என் திடமான அபிப்பிராயம். இதற்கு ஆதாரமானவற்றையே கீழே எடுத்துரைக்கிறேன்.

1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டபோது, அதற்கு முந்திய ஆண்டின் பஞ்சம் ஜனங்களின் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பார்வதிபுரத்துக் குடியானவர்கள் மனமுவந்தளித்த ஏறத்தாழ எண்பது காணி நிலத்தில், வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் ஏற்றிவைத்த அடுப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டுவருகிறது என்பதை எல்லோரும் அறிவர். ஆயினும் அந்த அன்னதானத்தைப் புண்ணிய கைங்கரியமாக மட்டும் கருதிப் போற்றுகிறவர்கள், அதிலிருந்த துணிச்சலைக் கவனிப்பதில்லை. அக்காலத்தில் சத்திரங்கள் பல இருந்தன. அவற்றில் பிராமணர்க்கு ஓரிடம், மற்றையோர்க்கு ஓரிடம், பஞ்சமர்க்கு வாசற்புறம் என்பதே நடைமுறையாயிருந்தது. பசியென்று வந்தவரிடம் ஜாதியும் சமயமும் கேட்கக்கூடாது என்ற விதியோடு ஓர் அன்னசாலையை நடத்துவதென்பது, அந்தச் சூழ்நிலையில், நூறு பிரசங்கங்களுக்கும் மேலான போதனையாகும். அங்கே பரிமாறியவர்களும், நீர் மொண்டவர்களும், விறகு சுமந்தவர்களும், தாம் வளர்ந்த வீட்டின் ஆசாரத்தை நாள்தோறும் தம் கையாலேயே மீறவேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னமே, 1865-இல், அடிகள் சன்மார்க்க சங்கத்தைத் தோற்றுவித்திருந்தார். சன்மார்க்க போதினி என்ற பாடசாலையையும், வயது வந்தோர்க்கும் திருக்குறள் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி சத்திய ஞானசபையைத் திறந்தார். சங்கம், சாலை, சபை என்ற மூன்றையும் ஒருங்கே எண்ணிப்பார்த்தால், ஒரு கொள்கைக்கு வேண்டிய தொண்டர்களை ஆக்கும் முறை முழுவதும் அதில் அமைந்திருப்பது புலனாகும்.

அடிகளின் அடியவர்கள் பின்னாளில் பல கிளைகளாகப் பிரிந்து, சபையின் வழிபாட்டு முறையைப்பற்றி வாதாடினர். அந்த விவகாரத்துக்குள் நாம் புகவேண்டியதில்லை. சாலை நின்றது; பந்தி நின்றது; அதுவே போதும்.

வடலூருக்குத் தெற்கே சிதம்பரத்தில் 1916-ஆம் ஆண்டு வேறொருவர் இதே வேலையை, ஆனால் மிகக் கடினமான மறுமுனையிலிருந்து தொடங்கினார். ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில், ஒடுக்கப்பட்ட குடும்பமொன்றில், 1890-இல் பிறந்த முனுசாமி என்பவர், வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் வேதாந்த சாத்திரங்களைக் கற்றுச் சகஜானந்தர் என்ற தீட்சாநாமம் பெற்று, நந்தன் தீக்குளித்ததாகக் கூறப்படும் ஓமக்குளத்தருகே நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். வள்ளலார் உயர்ந்தோரைத் தாழ்ந்தோரோடு உட்காரச் செய்தார். சகஜானந்தருக்கு அந்த வசதியில்லை. அவரிடம் வந்த பிள்ளைகள் அனைவரும் சேரிப் பிள்ளைகள். நாற்று நடவும் மாடு மேய்க்கவும் போகாமல் பள்ளிக்கு வந்தால் அன்றைய கஞ்சிக்கு வழியில்லாதவர்கள். ஆகையால் சோறு போடாமல் எழுத்துக் கற்பிக்க முடியாதென்பதை அவர் முதல் நாளிலேயே உணர்ந்து, ஊரூராய் அலைந்து நன்கொடை திரட்டி, பள்ளியோடு விடுதியையும் சேர்த்தே வளர்த்தார். அங்கே தங்கி உண்டு படித்தவர்கள், ஆசிரியராகவும் உத்தியோகஸ்தராகவும் தத்தம் ஊருக்குத் திரும்பியபோது, மனு எழுதவும், தாசில்தார் எதிரே நிமிர்ந்து நின்று பேசவும், புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா கேட்கவும் தெரிந்த முதல் தலைமுறையாக அவர்கள் விளங்கினர். இதைவிட உயர்ந்த அரசியல் பயிற்சி வேறென்ன இருக்க முடியும்? சுவாமிகள் சட்டசபையில் பல்லாண்டு அங்கத்தினராயிருந்து, 1959-ஆம் ஆண்டு மே முதல் நாள் காலமானார். அரசியல் கட்சிகளின் சரித்திரங்களில் அவருக்குரிய இடம் இன்னும் அளிக்கப்படவில்லை என்பது என் மனத்தை உறுத்தும் விஷயம்.

இனி, இந்தச் சரித்திரத்தின் நடுவிலே நிற்கும் ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அது நடந்த இடம் தென்னார்க்காடு அன்று. திருநெல்வேலிச் சீமையில், தாமிரவருணிக் கரையிலுள்ள சேரன்மாதேவி. ஆனால் அதில் அடிபடும் பேர்கள் பலவும், அதன் முடிவும், இந்தப் பக்கத்தோடு பிணைந்தவை. லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குச் சென்று, சாவர்க்காரின் நண்பராகிப் புரட்சி மார்க்கத்தில் இறங்கி, புதுச்சேரியில் பாரதியாரோடும் அரவிந்தரோடும் பல்லாண்டு தங்கி, பின்னர் சிறையில் இருந்துகொண்டே கம்பனை ஆராய்ந்த வ. வே. சு. ஐயர், 1922-ஆம் ஆண்டு அங்கே ஒரு குருகுலத்தை ஸ்தாபித்தார். அந்நிய அரசாங்கத்தின் பள்ளிக்கூடங்கள் குமாஸ்தாக்களையே உற்பத்தி செய்கின்றன என்றும், தேசத்துக்கு உழைக்கத்தக்க வாலிபர்களைத் தாய்மொழியிலே கற்பித்து, உடற்பயிற்சியும் கைத்தொழிலும் பழக்கி உருவாக்கவேண்டும் என்றும் அவர் கருதினார். அந்த அளவில், தமிழ்நாட்டில் அரசியல் தொண்டர்களைப் பயிற்றுவதற்கென்றே திட்டமிட்டு அமைந்த ஸ்தாபனங்களுள் அது முன்னோடி எனலாம். காங்கிரஸ் கமிட்டி பதினாயிரம் ரூபாய் கொடுப்பதாகத் தீர்மானித்து, முதல் தவணையாக ஐயாயிரம் அனுப்பிற்று. மலேயா முதலிய வெளிநாட்டுத் தமிழரும் பொருளுதவி செய்தனர். பல ஜாதியாரும் தம் பிள்ளைகளை அனுப்பினர்.

அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியிடத்தில் உணவு பரிமாறப்பட்டது. இச்செய்தி வெளிவந்த விதத்தைப் பலர் பலவாறு கூறுவர். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரின் இராமசாமி ரெட்டியாருடைய குமாரன் அங்கே படித்துக்கொண்டிருந்தான் என்றும், பிராமணப் பிள்ளைகளுக்கென வைத்திருந்த பானையில் தண்ணீர் குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, தகப்பனாரிடம் முறையிட்டான் என்றும், அவர் அதை அன்று காங்கிரஸ் காரியதரிசியாயிருந்த ஈ. வெ. இராமசாமி நாயக்கரிடம் கொண்டுசென்றார் என்றும் பரம்பரையாகச் சொல்லிவருகின்றனர். எவ்வாறாயினும், டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' பத்திரிகையில் இதைப் பெரும் கிளர்ச்சியாக்கினார், ஈ. வெ. ரா. எஞ்சிய ஐயாயிரத்தை அனுப்ப மறுத்தார். 1924-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1925-இன் நடுப்பகுதிவரை தமிழ்நாட்டுக் காங்கிரஸில் இதைத் தவிர வேறு பேச்சு இல்லையெனும்படி ஆயிற்று.

ஐயரைக் கொடியவராகச் சித்திரிப்போர் அவருக்கு அநியாயம் செய்கின்றனர். அவர் தம்மளவில் எல்லோரோடும் இருந்து உண்டவர். ஜாதி ஆசாரங்களில் நம்பிக்கை அற்றவர். அந்த இரு சிறுவரின் பெற்றோருக்கு முன்னரே கொடுத்துவிட்ட வாக்கை மீறமுடியாதென்பதே அவருடைய சமாதானமாயிருந்தது. காந்தியடிகளிடம் விவகாரம் சென்றபோது, வாக்குக் கொடுத்தாகிவிட்டபடியால் அந்த இருவர் மட்டும் தனியே உண்ணலாம், இனி அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்க்கலாகாது என்று அவர் ஒரு மத்தியஸ்தம் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இந்த யோசனையை எதிர்த்தரப்பினர் ஒப்பவில்லை. அவர்கள் ஒப்பாததே சரி என்று நான் கருதுகிறேன். ஏனெனில், குருகுலத்தில் மற்றப் பாடங்களைப் பகலில் ஆசிரியர் கற்பித்தார். இந்தப் பாடத்தையோ தினம் இரண்டு வேளை, சுவர் கற்பித்தது. நாளைக்கு நாட்டை ஆளப்போகிறவன் என்று சொல்லி அழைத்துவரப்பட்ட குடியானவன் மகன், தன்னோடு ஓடிப் பிடித்து விளையாடிய தோழன் சோற்று வேளையில் கதவுக்குப் பின்னால் மறைவதைக் கண்டபோது, சுயராஜ்யத்தில் தனக்குரிய இடம் எதுவென்பதை அறிந்துகொண்டான். அதன்பின் எத்தனை தேசபக்தி போதித்தும் என்ன?

1925-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டியில், தேசியப் பணியில் ஈடுபட்ட எந்த ஸ்தாபனத்திலும் பிறப்பினால் வேற்றுமை பாராட்டலாகாதென எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிற்று. அதை ஏற்கமாட்டாத பிரமுகர்கள் சிலர் பதவி விலகினர். ஐயர் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். அந்த ஜூன் மாதமே பாபநாசத்துக் கலியாண தீர்த்தத்தில், தவறி விழுந்த தம் மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் பாய்ந்து, அருவி வெள்ளத்தில் மாண்டார். அவ்வளவு பெரிய வாழ்வு அவ்விதம் முடிந்ததை எண்ணும்போது யாருக்கும் உள்ளம் கலங்கும். நவம்பர் மாதம் திரு. வி. க. தலைமையில் நடந்த காஞ்சீபுரம் மகாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அனுமதிக்கப்படாமையால் ஈ. வெ. ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

அவர் வெளியேறுமுன்னமே, 1925-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி ஈரோட்டில் 'குடி அரசு' வாரப் பத்திரிகை தொடங்கிவிட்டது. அதைத் தொடங்கிவைத்தவர் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர் மடத்து ஞானியார் சுவாமிகள் என்பதை இக்காலத்தார் கேட்டால் ஆச்சரியப்படக்கூடும். சைவ மடாதிபதி ஒருவர், பிற்காலத்தில் மடங்களையே கண்டிக்கப்போகும் பத்திரிகையை ஆசீர்வதித்தார்; பல பந்திகளாகப் பிளவுபட்டுக் கிடந்த சமூகத்தில், தமிழறிவும் நியாய உணர்வும் அவரையும் ஈ. வெ. ரா.வையும் ஒரு மேடையில் சேர்த்துவைத்தன. சுயமரியாதை இயக்கத்தாரும் வடலூரை மறக்கவில்லை. அருட்பாவில் ஜாதியையும் சாத்திரக் குப்பையையும் கண்டிக்கும் பாடல்களைத் திரட்டி, மலிவான பதிப்பாக வெளியிட்டு ஊரெங்கும் பரப்பினர்.

'குடி அரசு' ஒரு பத்திரிகை மட்டுமாக இருக்கவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது பாடசாலையாயிற்று. எழுத்தறிந்த ஒருவன் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதும், இடையிடையே நிறுத்தி விளக்கம் கேட்பதும், எதிர்வாதம் புரிவதும் அக்காலத்து வழக்கம். 1931-ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் மொழிபெயர்ப்பு அதில் வெளிவந்தது. தோழர் சிங்காரவேலர் வானசாஸ்திரமும் பொருளாதாரமும் பற்றி எளிய நடையில் எழுதினார். நெசவாளர் ஊர்களில் இத்தகைய வாசிப்பு எளிதில் வேர்கொண்டதற்குக் காரணமுண்டு. தறிவேலை வீட்டோடு நடக்கும் தொழில். பாவு தோயவும், நூல் சுற்றவும், பண்ணை முறுக்கவும் பலர் ஓரிடத்தில் கூடி மணிக்கணக்காக இருக்கவேண்டும். கை வேலையில் இருக்கக் காது சும்மா இருக்கும். குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்களில் நூல் விலை ஏறுவதும் கைத்தறித் துணி தேங்குவதும் நேரே அடுப்படியைத் தாக்கும் விஷயங்களாதலால், அரசாங்கத்தின் கொள்கை என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பின்னர் 1953-இல் அண்ணாதுரையும் அவர் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றபோது, நெசவாளர் தெருக்கள் அவர்கள் கட்சியைத் தம் கட்சியாக ஏற்றுக்கொண்டமைக்கு இந்தப் பழைய வாசிப்பும் ஓர் அஸ்திவாரமாகும்.

நாற்பதுகளில் இந்தப் பயிற்சி வேறொரு வடிவம் பெற்றது. கும்பகோணம் கல்லூரியிலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலும் படித்த வாலிபர்கள், இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டு, கோடை விடுமுறையில் ஈரோட்டுக்குச் சென்றனர். அங்கே பெரியார் ஈ. வெ. ரா.விடம் கொள்கை விளக்கம் பெற்று, மாவட்டந்தோறும் பிரசாரச் சுற்றுப்பயணம் புறப்பட்டனர். நெடுஞ்செழியன், அன்பழகன் முதலியோர் அண்ணாமலை நகரின் மாணவர்களே. கடலூரில் திராவிடமணி என்ற ஆசிரியர், பள்ளிச் சிறுவனாயிருந்த வீரமணியைப் பேச்சுக்குப் பழக்கி, பத்து வயதிலேயே மேசைமீது நிற்கவைத்துப் பிரசங்கம் செய்யவைத்தார். 1944-ஆம் ஆண்டு அதே கடலூரில், மகாநாட்டுக்கு வந்த பெரியார் ரிக்ஷாவில் சென்றபோது அவர்மீது செருப்பு வீசப்பட்டது. அவர் வண்டியைத் திருப்பச் சொல்லி மற்றொரு செருப்பையும் எடுத்துச் சென்றார் என்பது பிரசித்தம். இத்தகைய காட்சிகளைக் கண்ணால் கண்ட இளைஞர்களுக்கு, எதிர்ப்பின் நடுவே நிதானம் இழவாதிருப்பது எப்படி என்பதை எந்தக் கைப்புத்தகமும் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை.

ஐம்பதுகளில் மன்றங்களும் படிப்பகங்களும் பெருகின. ஓலைக் கூரையும் ஒரு பெஞ்சும் நான்கு பத்திரிகையும் உள்ள இடம், முடிதிருத்தும் நிலையம், சைக்கிள் கடைத் திண்ணை எல்லாம் வகுப்பறைகளாயின. அங்கிருந்து வந்தவர்கள் ஆட்சியைப் பிடித்தனர். அது அற்புதமான சாதனையென்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வகுப்பறைகள் பெரும்பாலும் ஊரில் இருந்தன, சேரியில் இல்லை. பேசக் கற்பித்தோம், எழுதக் கற்பித்தோம், சேர்ந்து உண்ணும் பழக்கத்தை மகாநாட்டுப் பந்தலோடு நிறுத்திக்கொண்டோம். மகாநாடு முடிந்து வீடு திரும்பிய தொண்டன், தன் தெருவின் கிணற்றையும் தன் வீட்டுத் திண்ணையையும் பழையபடியே வைத்துக்கொண்டான். இதை இயக்கத்தின்மேல் குற்றம் சுமத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த இயக்கத்தால் பயன்பெற்ற கோடிக்கணக்கானோருள் ஒருவன் என்ற உரிமையோடு, வருத்தத்தோடு சொல்கிறேன்.

அதே காலத்தில் கொள்ளிடத்துக்குத் தெற்கே நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1943 அளவில் தஞ்சைக் கீழைப் பகுதிக்குக் கம்யூனிஸ்ட் கட்சியால் அனுப்பப்பட்ட பி. சீனிவாச ராவ், கன்னடம் பேசும் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழைக்கூடச் சரளமாகப் பேசாதவர். அவர் பண்ணையாட்களின் குடிசைகளில் தங்கினார். அவர்கள் கொடுத்ததை அவர்கள் சட்டியிலேயே உண்டார். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாயிருந்த நாட்டில், அந்த மக்கள் சங்கம் அமைத்து நிமிர்ந்து நின்றதற்கு அவருடைய சொல்வன்மையைக் காரணமாகச் சொல்வோர் எவருமில்லை. இரவில் அரிக்கேன் விளக்கடியில் அவர் நடத்திய வகுப்பை அவர்கள் நம்பியதற்குக் காரணம், மாலையில் அவர் அவர்களோடு உண்டதுதான். சிறைகளிலும் கம்யூனிஸ்ட் கைதிகள் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்டு, பகலில் அட்டவணை போட்டு அரசியல் வகுப்பு நடத்தினர்.

ஓமந்தூரார் கதையை நடுவில் விட்டுவிட்டோம். குருகுலத்துக் குறையைப் பெரியாரிடம் கொண்டுசென்றதாகச் சொல்லப்படும் அந்த ரெட்டியார் காங்கிரஸிலேயே தொடர்ந்திருந்து, 1947-ஆம் ஆண்டு மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். இரண்டே ஆண்டுகள்தாம் ஆண்டார். ஆலயப் பிரவேசச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்பு, ஜமீன்தாரி ஒழிப்பு ஆகியவை அந்த இரண்டு ஆண்டுகளில் நிறைவேறின. அரசாங்க உத்தியோகங்களைப் பதினான்காகப் பகுத்து, அவற்றில் பிற்பட்ட இந்துக்களுக்கென இரண்டு இடங்களை முதன்முதலாகத் தனியே ஒதுக்கிய உத்தரவும் அவர் காலத்தது. 1949 ஏப்ரலில் பதவியிழந்தார். பிரதமராயிருந்தவர்கள் அடுத்துச் செல்லும் இடங்கள் நமக்குத் தெரியும்; இவர் வடலூருக்கு வந்தார். சுத்த சன்மார்க்க நிலையத்தை அமைத்து, அநாதைப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அளிப்பதில் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். அங்கே அவர் ஏற்படுத்திய பள்ளிக்கு வள்ளலார் குருகுலம் என்று பேர். சேரன்மாதேவியின் நினைவு அவர் மனத்தில் இருந்ததோ இல்லையோ, வடலூர்க் குருகுலத்தில் பிள்ளைகளுக்கிடையே சுவர் இல்லை. 1970-ஆம் ஆண்டு காலமாகும் வரையில் அவர் இப்பக்கத்து ஜனங்களிடையே எளிமையாக வாழ்ந்தார்.

வடலூரிலிருந்து மேற்கே பார்த்தால், அந்த ஆண்டுகளிலேயே நெய்வேலி எழுந்துகொண்டிருந்தது. முப்பதுகளில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு வெளிவந்த கரிய பொருள் பழுப்பு நிலக்கரியெனக் கண்டறியப்பட்டது; 1956 நவம்பரில் நிலக்கரிக் கழகம் பதிவாகி, 1957 மே 20-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணில்பட்டது. அடுத்த ஆண்டு சோவியத் உதவியோடு அமைத்த அனல் மின் நிலையம் மின்சாரம் தந்தது. பல கிராமங்கள் தம் நிலத்தையும் வீட்டையும் இழந்தே இந்த நகரம் உருவாயிற்றென்பதையும், அவர்களுடைய வேலைக்கும் நஷ்டஈட்டுக்குமான கோரிக்கை இன்றும் ஓயவில்லை என்பதையும் மறந்து இதன் பெருமையைப் பேசுவது தகாது. ஆயினும் நம் விஷயத்துக்குரிய ஒன்று அங்கே நிகழ்ந்தது. இருநூற்றைம்பது பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உணவுச்சாலை இருக்கவேண்டுமென்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்தது. ஆகவே வள்ளலார் அருளால் சாதித்ததையும், பெரியார் கிளர்ச்சியால் கேட்டதையும், இங்கே சட்டப் புத்தகத்தின் ஒரு பிரிவு சாதித்தது. நெல்லையிலிருந்து வந்தவனும் வட ஆர்க்காட்டான் மகனும், ஊர்க்காரனும் சேரிக்காரனும், ஷிப்ட் முடிந்து ஒரே வரிசையில் நின்று, ஒரே கான்டீன் பெஞ்சில் உண்டனர். சங்கங்கள் தம் உறுப்பினர்க்கு வகுப்பு நடத்தின. 1958-இல் மத்திய அரசாங்கம் ஏற்படுத்திய தொழிலாளர் கல்வி வாரியமும், தொழிலாளர்களிலிருந்தே ஆசிரியர்களைப் பொறுக்கி, அவர்களுக்குச் சட்டமும் சங்க நிர்வாகமும் பயிற்றி, மறுபடி தொழிற்சாலைக்கே அனுப்பும் முறையைக் கைக்கொண்டது.

அந்தக் கான்டீன் பெஞ்சின் சமத்துவம் சுரங்க வாசலைக் கடந்து எவ்வளவு தூரம் சென்றது என்பதற்குக் கசப்பான சாட்சியங்கள் உண்டு. காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து 1952-இல் பாராளுமன்றம் சென்ற எல். இளையபெருமாள், தாழ்த்தப்பட்டோரின் நிலைமையை ஆராய 1965-இல் மத்திய அரசாங்கம் நியமித்த குழுவுக்குத் தலைவரானார். இந்தியா முழுவதும் சுற்றி, 1969-இல் அக்குழு அளித்த அறிக்கை, தீண்டாமை சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகிப் பதினான்காண்டு கழித்தும், கிணற்றிலும் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் அது எவ்விதம் உயிரோடிருக்கிறது என்பதைப் பதிவு செய்தது. பரம்பரை அர்ச்சகர் முறை ஒழியவேண்டுமென்ற அதன் பரிந்துரையை ஆதாரமாகக்கொண்டே தமிழக அரசு 1970-இல் அர்ச்சகர் சட்டத்தைக் கொண்டுவந்தது. அறிக்கை வெளிவந்து ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், 1978-ஆம் ஆண்டு ஜூலையில், இதே தென்னார்க்காட்டு மாவட்டத்து விழுப்புரத்தில் பன்னிரண்டு தாழ்த்தப்பட்ட மக்கள் கொல்லப்பட்டனர். படிப்பகங்கள் நிறைந்திருந்த மாவட்டம் அது. ஞானியாரும் வள்ளலாரும் சகஜானந்தரும் வாழ்ந்த மாவட்டம் அது. அந்தப் பன்னிரண்டு பேரையும் நினையாமல் இம்மாவட்டத்தின் அரசியல் கல்வியைப்பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்றும் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. திராவிடர் கழகத்தார் குற்றாலத்தில் ஆண்டுதோறும் பெரியாரியல் பயிற்சி நடத்துகின்றனர். மற்றக் கட்சிகளும் பாசறை என்றும் பட்டறை என்றும் பேரிட்டு இளைஞர்களைத் திரட்டுகின்றன. சொற்பொழிவாளர் பட்டியலை முன்கூட்டி அச்சிடும் இவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: சமையற்கட்டில் யார்? இந்தக் கேள்வி அற்பமானதன்று. 2018-ஆம் ஆண்டு அவிநாசிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்கத் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணொருவர் நியமிக்கப்பட்டதை எதிர்த்துப் பெற்றோர் சிலர் பள்ளியையே முற்றுகையிட, அதிகாரிகள் அந்த அம்மாளை வேறிடத்துக்கு மாற்றினர்; இயக்கத்தார் தெருவிலிறங்கிப் போராடிய பின்னரே மாற்றல் ரத்தாகி, வன்கொடுமைச் சட்டப்படி வழக்கும் பதிவாயிற்று.

அண்மைக்காலப் பயிற்சி முறைகளுள் என் மனத்துக்கு மிகவும் உகந்தது, தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கைக்கொண்ட முறை. அவர்கள் தொண்டர்களை மண்டபத்தில் உட்காரவைக்கவில்லை. கையில் ஒரு வினாப் படிவத்தைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினர். தேநீர்க் கடையில் எத்தனை விதக் குவளை, முடிதிருத்தும் கடையில் யாருக்கு இடம், சுடுகாட்டுக்கு வழி எந்தப் பக்கம், தபால்காரர் சேரிக்குள் வருகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதவேண்டும். கேட்பதற்காகச் சேரியில் தங்கவேண்டும். தங்கினால் அங்கே உண்ணவேண்டும். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில், ஊரையும் சேரியையும் பிரித்து ஏறத்தாழ இருபதாண்டுகளாக நின்ற மதில் அப்படிப்பட்ட விசாரணையில்தான் வெளியுலகின் கண்ணுக்கு வந்தது. 2008 மே 6-ஆம் தேதி அரசாங்கத்தார் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தனர். குறிஞ்சிப்பாடி வட்டத்துக் கிராமங்களுக்கும் அதே படிவத்தோடு இளைஞர்கள் புறப்படவேண்டும். நெய்வேலித் தொழிற்சங்கங்களும் வடலூர்ச் சன்மார்க்கிகளும் கூடி முயன்றால், அடுத்த தைப்பூசத்துக்குள் அந்தக் கணக்கை எடுத்து முடிக்கலாம்.